பச்சை குத்தும் மரபும் புண் ஆற்றும் முறையும்

மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே கல்முனை நோக்கிச் செல்லும் பெருந்தெரு, கிழக்கே கடலும் மேற்கே வாவியும் நெருக்கி நிற்கும் ஒடுங்கிய மணல்நிலத்தின் மேலாகச் செல்கின்றது. அத்தெருவில் ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் தொலைவில் உள்ளது காத்தான்குடி. அதன் தென் எல்லையைத் தொட்டுக்கொண்டு ஆரையம்பதி தொடங்குகின்றது. முன்னது முஸ்லிம்களின் பேரூர். பின்னது தமிழர் ஊர். இரு சாராரின் தாய்மொழியும் தமிழே. தாய்வழியாக வரும் குடிமுறை இருவருக்கும் பொது. தத்தம் குடிக்குரிய குறியை மாட்டின் தோலிற் சுட்டு அடையாளமிடும் வழக்கமும் இப்பகுதியில் இரு சாராரிடத்தும் இருந்தது. ஆயினும் மனிதத் தோலில் இடும் அடையாளத்தைப் பொறுத்தவரையில் இருவர் வழியும் வேறு. மணப்பெண்ணின் கையை மருதோன்றியாற் சிவக்கச் செய்வது காத்தான்குடியின் வழக்கம். சில கிழமைகளில் அந்நிறம் தானே மங்கி மறையும். தமிழ் இந்துக்களிடையே பண்டுதொட்டு இருந்துவந்த பச்சையோ, ஒருமுறை குத்தினால் உடலோடு கூடவே இருந்து உடலோடு கூடவே போவது.

பச்சை குத்துதலின் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் ஊசியைப் பற்றியும் கோலத்தைப் பற்றியுமே பேசுவர். ஊசி எடுத்த பின்னர் வரும் பத்துப் பதினைந்து நாட்களைப் பற்றிப் பேசுவார் அரியர். குத்திய இடம் முதலிற் புண்ணாக இருந்து, பின்னரே அழகாகின்றது. அப்புண் நல்லமுறையில் ஆறினாற் கோலம் தெளிவாக நிலைக்கும். சீழ் கட்டினாற் கோலம் சிதையும். நஞ்சு ஏறினால் உயிருக்கே கேடு வரும். ஆகவே இக்கலையின் வரலாறு, பாதியளவிலேனும், புண் ஆற்றிய முறையின் வரலாறாகும்.

இக்கலையின் தொன்மையை விரிவாகக் கூறவேண்டுவதில்லை. 1991ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், ஒஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடைப்பட்ட ஆல்ப்ஸ் மலைப்பகுதியிற் பனியுள் உறைந்த மனித உடல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வுடலின் தோலில் 61 குறிகள் உள்ளன. அவற்றுட் பல இடுப்பின் கீழ்ப்பகுதியிலும் முழங்காலிலும் கணுக்காலிலும், அதாவது வலி எடுக்கும் மூட்டுகளை அடுத்து, கோடு கோடாக அமைந்திருத்தலின், அவை அழகுக்காக அன்றி நோய் தீர்ப்பதற்காக இடப்பட்டவை எனப் பல ஆய்வாளர் கருதுகின்றனர். எகிப்திலே கெபலைன் என்னுமிடத்திற் கிடைத்து இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ள ஆண் உடலொன்றின் புயத்தில், எருதும் செம்மறியை ஒத்த விலங்கும் குத்தப்பட்டிருத்தல் 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதுவும் ஐயாயிரம் ஆண்டுப் பழமையுடையதே. ஆங்கிலேயர் இக்கலைக்கு வழங்கும் பெயரோ, 1769ஆம் ஆண்டில் கப்டன் குக் என்பவரின் கப்பல் தாகித்தித் தீவை அடைந்தபோது, அத்தீவினரின் சொல்லிலிருந்து பெறப்பட்டதாகும்.

தமிழர் இதனைப் பச்சை என்றது பொருத்தமான பெயரே. குத்தப்படும் மை கரிய நிறத்தது. ஆயினும் தோலினூடே நோக்கும்போது அக்கருமை நீலமும் பச்சையும் கலந்த சாயலாகத் தோன்றும். இது தோலில் ஒளி சிதறுவதால் நேர்வது.

தமிழகத்திற் பச்சை குத்தும் தொழில் பெரிதும் குறவர் குலப் பெண்களின் கையில் இருந்தது. கூடையை இடுப்பில் ஏந்தி ஊர் ஊராகத் திரிந்து, குறி சொல்லியும் பச்சை குத்தியும் வாழ்ந்த அப்பெண்களின் முறையை, சென்னை அரசினர் நூதனசாலையின் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டன் எழுதிவைத்தார். ரங்காச்சாரியின் துணையுடன் 1909ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக அவர் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குலங்களும் பற்றிய நூலில், குறத்தியின் மை செய்யும் விதம் கூறப்பட்டுள்ளது. மஞ்சட்பொடியையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் வைத்துத் திரியாக உருட்டுவாள். அத்திரியை ஆமணக்கெண்ணெய் விளக்கிலிட்டு ஏற்றி, புதிய மட்பானை ஒன்றை மேலே கவிழ்ப்பாள். பானையின் உட்புறத்திற் படியும் கரியைச் சுரண்டி எடுத்து, தாய்ப்பாலிலோ நீரிலோ குழைப்பாள். இதுவே மை. சில ஊசிகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, மையைத் தோய்த்துத் தோலிற் குத்துவாள். கோலப்புள்ளிகளும் தேளும் பறவையும் பெயரெழுத்துகளும் இவ்வாறு கையிற் பதியும். குத்தும்போது பாடுவாள்; வலியில் ஆழ்ந்திருக்கும் பெண்ணின் மனத்தை வேறிடத்திற் செலுத்துவதற்கு அவளிடம் வேறு மருந்து இல்லை. குத்தி முடிந்ததும் நீரினாற் கழுவி, மஞ்சளும் எண்ணெயும் பூசுவாள். நிறம் தெளியவும் வீக்கம் அடங்கவும் அது வேண்டும் என்பது அவர்தம் கொள்கை.

இலங்கையின் கிழக்கிலும் இத்தகைய நாடோடி மக்கள் உளர். அக்கரைப்பற்றை அடுத்த அளிகம்பையிற் குடியேறி வாழும் வனக்குறவர், தெலுங்கின் வழிவந்த மொழியைத் தமக்குள் பேசுவோர். ஆடவர் பாம்பாட்டுவதும் பெண்டிர் கைரேகை பார்ப்பதும் அவர்தம் முன்னோரின் பிழைப்பாயிருந்தன. பச்சை குத்துதலும் அவர்தம் பழந்தொழில்களுள் ஒன்றாகச் சொல்லப்படும்.

குறத்தியின் முறையை இன்றைய அறிவுகொண்டு ஆராய்ந்தால், சில இடங்களில் வியப்பும் சில இடங்களில் அச்சமும் தோன்றும். நெருப்பிலிருந்து நேரே எழுந்து, அதுகாறும் ஒருவர் கையும் படாத புதுப்பானையிற் படிந்த கரி, கிருமியற்ற பொருள் என்பதில் ஐயமில்லை. பானை புதிதாயிருக்க வேண்டும் என்ற விதியைக் கண்டவர் எவராயினும் அவர் கூர்ந்த நோக்குடையவரே. ஆனால் அத்தூய கரியைக் குழைப்பதற்குக் காய்ச்சாத நீரையோ பாலையோ சேர்த்த அக்கணமே அந்நன்மை பாழாகின்றது. அதனினும் பெருங்கேடு ஊசியில் இருந்தது. ஒருத்தியின் குருதி தோய்ந்த ஊசிக்கட்டு, ஒரு துணியில் துடைக்கப்பட்டு, அடுத்தவளின் கைக்குச் செல்லும். கண்ணுக்குத் தெரியாத உயிர்களாற் புண் சீழ்ப்பிடிக்கின்றது என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டு, ஜோசப் லிஸ்டர் காபோலிக் அமிலத்தாற் புண்ணைக் காக்கும் முறையை வெளியிட்டது 1867ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன்னர் ஐரோப்பாவின் பெரிய வைத்தியசாலைகளிலும் அறுவை வைத்தியர் கத்தியைத் துடைத்துவிட்டு அடுத்த நோயாளியிடம் சென்றனர். குறத்தியை மட்டும் குறை கூறுதல் முறையாகாது.

மஞ்சளும் எண்ணெயும் செய்த நன்மை யாது? மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்னும் பொருள் சில கிருமிகளின் வளர்ச்சியைத் தடுத்தல் ஆய்வுகூடச் சோதனைகளிற் புலப்பட்டுள்ளது. எண்ணெய், புண்ணின் மேற்பொருக்கு காய்ந்து வெடிக்காதபடி அதனை மென்மையாக வைத்திருக்கும். இவற்றோடு, மஞ்சள் பூசிய கை எவர் கண்ணுக்கும் தெரியும். அக்கையாற் பாத்திரம் துலக்கென்றும் மாவிடியென்றும் மாமியாரும் ஏவத் தயங்குவார். இதுவும் ஒரு மருந்தே எனலாம். ஆனால் மண்ணிலிருந்து தோண்டிக் காயவைத்து இடித்த மஞ்சட்பொடியிற் கிருமிகளும் அவற்றின் வித்துகளும் தங்கியிருத்தல் கூடும் என்பதையும் மறத்தலாகாது. ஏற்புவலியை உண்டாக்கும் கிருமியை 1889ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் கிட்டசாட்டோ தனியே வளர்த்துக் காட்டினார். அந்நோய்க்கு மஞ்சளும் எண்ணெயும் மாற்றாகா. தடுப்பூசி ஒன்றே காப்பு.

பச்சை நிலைத்து நிற்பதன் காரணமும் புண் ஆறும் விதத்திலேயே அடங்கியிருக்கின்றது. மேற்றோல் ஏறத்தாழ ஒரு மாதத்திற்கொரு முறை தன்னைப் புதுப்பித்துக் கொள்வது. மை அதனளவில் நின்றால் உதிர்ந்துவிடும். ஊசி மேற்றோலைக் கடந்து உட்டோலை அடைதல் வேண்டும். அங்கே புகுந்த மைத்துகளை உடலின் காவலணுக்கள் பகைப்பொருளென்று கருதி விழுங்குகின்றன. விழுங்கினும் செரிக்க இயலாமல், மையைத் தம்முள் வைத்துக்கொண்டே அங்குத் தங்குகின்றன. ஓரணு இறந்தால் அது விட்ட மையைப் புதிய அணு விழுங்கிக் கொள்ளும் என்பதை, பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர் எலிகளிற் செய்த சோதனையின் வாயிலாக 2018ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முதல் இரண்டொரு நாட்கள் சிவப்பும் வீக்கமும் கசிவும் இருத்தல் இயல்பு. பின்னர் மெல்லிய பொருக்குக் கட்டும், தினவெடுக்கும். அத்தினவுக்கு அடங்காது சொறிந்து பொருக்கைப் பெயர்ப்பவரின் கோலத்தில் வெண்திட்டு விழும். இரண்டு மூன்று கிழமைகளில் மேற்றோல் மூடிக்கொள்ளும். உள்ளே ஆறுவதற்கு இன்னும் பல கிழமைகள் செல்லும்.

விரும்பிக் குத்திக்கொண்டோரின் புண்ணை ஆற்ற ஆளிருந்தது. விரும்பாதோர் தோலிலும் பச்சை குத்தப்பட்ட காலம் ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கும்பனியார் 1797ஆம் ஆண்டில் வங்காளத்தில் இயற்றிய விதியின்படி, ஆயுட்டண்டனை பெற்ற கைதியின் நெற்றியில் அவன் குற்றம் பச்சையாக எழுதப்பட்டது. மொரீசியசுக்கும் பினாங்குக்கும் கப்பலேற்றப்பட்ட கைதிகள் பலர் அவ்வெழுத்தைச் சுமந்து சென்றனர். தலைப்பாகையை நெற்றியில் இறக்கிக் கட்டி அதனை மறைத்தோரும் இருந்தனர். 1849ஆம் ஆண்டிலேயே அவ்வழக்கம் ஒழிக்கப்பட்டது.

காத்தான்குடியிற் பச்சை இல்லாமைக்குக் காரணம் மார்க்கம். பச்சை குத்துவோரையும் குத்திக்கொள்வோரையும் நபிகள் நாயகம் அவர்கள் சபித்தார்கள் என்னும் செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் தொகுதிகளில் உள்ளது. இறைவன் படைப்பை மாற்றுதல் என்பதே அங்குச் சொல்லப்படும் காரணம். அவ்வாறிருந்தும் அரபு நாடோடிப் பெண்டிர் சிலரும் வட ஆபிரிக்காவின் பேர்பர் பெண்டிரும் முகத்திலும் கையிலும் பச்சை குத்தியிருந்தனர். வழக்கம் விதியை மீறி வாழ்ந்ததற்கு இஃது ஒரு சான்று. வாவிக்கரை முஸ்லிம்களோ மருதோன்றியோடு அமைந்தனர். ஆயினும் தோலைக் காயப்படுத்தி, அதனைப் பக்குவமாய் ஆற்றும் கலை அவர்களுக்கும் அயலன்று. சிறுவருக்கு ஒஸ்தா செய்யும் சுன்னத்தும், பெண் குழந்தைகளின் காதுகுத்தும் அவ்வகையினவே. சுன்னத்துச் செய்யப்பட்ட சிறுவனைப் பாயிற் கிடத்தி, புண்ணிற் படாதபடி துணியை மேலே தூக்கிக் கட்டி, உணவிலும் குளிப்பிலும் கட்டுப்பாடு வைத்து, ஆறும்வரை வீடே அவனைக் காத்திருக்கும். ஓடி விளையாடும் வயதினனை ஒரு கிழமை படுக்கவைத்தல் எளிய செயலன்று என்பதைத் தாய்மார் அறிவர்.

அரசாங்கமும் ஒருகாலத்தில் எல்லாச் சமயத்தாரின் தோலிலும் ஒரே குறியை இட்டது. 1802ஆம் ஆண்டில் அம்மைப்பால் இலங்கைக்கு வந்துசேர்ந்தது. அக்காலத்தில் ஒரு குழந்தையின் புயத்திலே பழுத்த கொப்புளத்திலிருந்து பாலெடுத்து மற்றொரு குழந்தைக்குக் குத்துவர். எட்டாம் நாளளவிற் குழந்தையை மீண்டும் கொண்டுவந்து காட்டவேண்டும். கொப்புளம் செவ்வனே பழுத்திருந்தாலன்றிக் குத்தியது பலித்ததாகக் கொள்ளார். புண் ஆறும் போக்கையே வைத்தியத்தின் அளவுகோலாகக் கொண்ட முறை அது. பெரியம்மை உலகினின்று ஒழிந்ததாக 1980ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. முதியோர் புயத்தில் அத்தழும்பு இன்றும் உண்டு. காத்தான்குடியார் தழும்புக்கும் ஆரையம்பதியார் தழும்புக்கும் வேறுபாடு காண இயலாது.

புண்ணுக்கு மஞ்சள் இடுதல் யாருக்கு உரிய அறிவு என்னும் வழக்கொன்றும் அண்மைக்காலத்தில் எழுந்தது. 1995ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அமெரிக்க நாட்டு மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்கு, புண் ஆற்றுவதில் மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கென 5,401,504 என்னும் இலக்கமுள்ள காப்புரிமை வழங்கப்பட்டது. பாட்டிமார் செய்துவந்ததைப் புதுக்கண்டுபிடிப்பு என்று கொள்ளலாமோ என இந்தியாவின் அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் மறுப்புரைத்தது. பாட்டிமார் செய்தனர் என்று வாயாற் சொன்னாற் காப்புரிமை அலுவலகம் ஏற்காது. அச்சிட்ட எழுத்து வேண்டும். மன்றம் பழைய நூல்களையும், இந்திய மருத்துவச் சங்க இதழில் 1953ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையையும் சான்றாக முன்வைத்தது. 1997ஆம் ஆண்டில் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. எழுதப்படாத அறிவு எத்தனை எளிதிற் பிறர் கைப்படும் என்பது அப்போது பலருக்கும் தெளிவாயிற்று. தர்ஸ்டன் எழுதிவைத்திராவிடில் குறத்தியின் புதுப்பானையும் இன்று எவருக்கும் தெரிந்திராது.

இக்காலப் பச்சை வேறு வகையினது. எடிசன் 1876ஆம் ஆண்டில் உரிமை பெற்ற மின்பேனாவின் வழியைப் பின்பற்றி, சாமுவேல் ஓறைலி என்பவர் 1891ஆம் ஆண்டில் நியூயோர்க்கிற் பச்சை குத்தும் மின்பொறிக்கு உரிமை பெற்றார். பொறி விரைவைத் தந்தது, தூய்மையைத் தரவில்லை. குருதிவழிப் பரவும் ஈரலழற்சி நோய்க்குப் பச்சை குத்தும் கடைகளே காரணமெனக் கூறி, அந்நகரம் 1961ஆம் ஆண்டில் அத்தொழிலைத் தடைசெய்தது. 1997ஆம் ஆண்டிலேயே தடை நீங்கிற்று. இன்று ஒருவருக்கு ஒரே ஊசி, கையுறை, நுண்ணுயிர் நீக்கிய கருவி ஆகியன விதிகளாயின. புதிதாகப் பச்சை குத்திக்கொண்டோர் சிலகாலம் இரத்ததானம் செய்யலாகாது என்பதும் பல நாடுகளின் விதி.

இலங்கையின் நகரங்களிலும் இளைஞர் இதனை விரும்பிச் செய்துகொள்ளும் காலம் இது. அவர்கள் கடைப்பிடிக்கவேண்டிய முறை எளியது. கட்டினை அவிழ்க்கும் முன்னர்க் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். புண்ணை இளஞ்சூடான தூய நீராலும் மென்மையான சவர்க்காரத்தாலும் கழுவி, தேய்க்காது ஒற்றி உலர்த்தி, வாசனை சேராத களிம்பை மிக மெல்லியதாய்ப் பூசுதல் வேண்டும். பொருக்கைத் தொடலாகாது, வெயிலிற் காட்டலாகாது. மஞ்சட்பொடியைப் புதுப் புண்ணிற் பூசுதலும் இக்காலத்துக்கு ஏற்றதன்று. சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, காய்ச்சல் கண்டாலோ, சீழ் வடிந்தாலோ, வைத்தியசாலைக்குச் செல்லத் தாமதித்தல் ஆகாது.

நீர்நிலைகளிற் குளித்தலைத் தவிர்த்தல், கடலும் வாவியும் சூழ வாழ்வோருக்குத் தனியே வற்புறுத்தவேண்டிய செய்தி. காலிற் பச்சை குத்தி ஐந்தே நாளான ஒருவர் மெக்சிக்கோ வளைகுடாவில் நீந்தினார். முன்னரே ஈரல் பழுதுற்றிருந்த அவர், வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் விப்ரியோ இனக் கிருமி புண்வழியாகப் புகுந்ததனால் நோயுற்று, ஏறக்குறைய இரண்டு மாதத்தின் பின் இறந்தார். 2017ஆம் ஆண்டில் மருத்துவ இதழொன்றில் வெளியான செய்தி இது. மட்டக்களப்பு வாவியும் வெதுவெதுப்பான உவர்நீரே. பச்சை குத்திய புண்ணாயினும், மீன்முள் கீறிய புண்ணாயினும், தோல் மூடும்வரை வாவியில் இறங்காதிருத்தல் நன்று.

மருதோன்றி பூசுவோருக்கு இவ்வித அச்சம் இல்லையென முன்னர்க் கூறியிருக்கலாம். இன்று அவ்வாறு கூறுவதற்கில்லை. மருதோன்றி இலையிலுள்ள லோசோன் என்னும் சாயம், தோலிற் செம்மஞ்சளாகத் தொடங்கி மறுநாளிற் செந்நிறமாகவும் கபில நிறமாகவும் முதிர்வது. அது மைபோற் கறுப்பதில்லை. ஒரு மணி நேரத்திற் பற்றுவதுமில்லை. கறுப்பு மருதோன்றி என்று விற்கப்படும் விழுதிற் பெரும்பாலும் தலைமயிர்ச் சாயத்துக்குரிய பாராபினைலின்டையமைன் கலந்திருக்கும். இதனாற் சிலருக்குப் பூசிய சில நாட்களில், சிலவேளை இரண்டு கிழமை கழித்தும், கோலத்தின் கோட்டைப் பின்பற்றியே கொப்புளம் எழும். ஆறியபின் தழும்பும் நிற்கும். ஒருமுறை இவ்வாறு ஒவ்வாமை கண்டவருக்குப் பின்னாளிற் தலைமயிர்ச் சாயமும் கேடு செய்யும். ஊசியே படாத கையிற் பச்சை குத்தியதுபோன்ற புண் உண்டாகிவிடுகின்றது. பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் கடையில் வாங்கும் விழுது விரைவிற் கறுக்கும் என்று விற்பவர் புகழ்ந்தால், அதனை வாங்காது, அம்மியில் இலையை அரைத்து இரவு முழுதும் கையிற் கட்டிவைத்தலே தக்கது. கொப்புளம் கண்டவர் வைத்தியரிடம் செல்லும்போது, விழுது வந்த உறையையும் உடன்கொண்டு சென்று காட்டுதல் வேண்டும்.